அந்தக் காலத்து சென்டர்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பேருந்து. கணுக்காலில் கட்டுப் போட்டிருந்த நெட்டையான இளைஞன், கையில் வெற்றிக் கோப்பையோடு, பக்கத்தில் நின்ற நரைத்த நெட்டையரிடம் சொன்னான்:

“உன் காலத்துல எதிர்ல நின்னவன்லாம் குள்ளம், அண்ணாத்தே. அதான் நீ ராட்சசனா தெரிஞ்ச.”

இருவரும் ஒரே கம்பெனி பாஸ்கெட்பால் அணியின் சென்டர்கள், அதாவது ரிங்குக்குக் கீழே நின்று ஆடுபவர்கள். அரையிறுதியில் இளைஞனின் கால் பிசகியதால், இன்றைய இறுதிப் போட்டியில் பெரியவர் இறங்கியிருக்கிறார். பேச்சிலிருந்து இவ்வளவும் புரிந்தது.

“இன்னிக்கி எதிர்ல நின்னவன் குள்ளமாடா?”

“ஆறரை அடி இருப்பான்.”

“ரிங்குல பட்டு எகிர்ற ரீபவுண்டு எத்தினி புட்ச்சான்?”

“நீ எங்க உட்ட? முதுகாலயே அவன ரிங்காண்ட வராம தள்ளிக்கினு போயிட்ட.”

“அதான்டா சென்டரு. அன்னிக்கும் அதான், இன்னிக்கும் அதான்.”

“அமெரிக்காவுல பாரு. இப்ப சென்டரு தூர நின்னே பால் போட்றான். அந்தக் காலத்து ராட்சசனுங்க இப்ப வந்தா பெஞ்சுதான்.”

“நானும் பெஞ்சுலதான் மாமே குந்திகினு இருந்தேன், போன மேட்ச் வரிக்கும்!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முன் சீட்டிலிருந்த அம்மாள் எழுந்து, “பெரியவரே, குந்துங்க” என்றார்.

பெரியவர் இன்னும் நிமிர்ந்து நின்றார். “எனக்கு எதுக்கும்மா? இந்தக் காலத்து சென்டருக்குக் குடுங்க. பாவம், கால் வலிக்கும்.”

இளைஞன் நொண்டிக்கொண்டே போய் உட்கார்ந்தான். உட்காருமுன், கோப்பையைப் பெரியவர் கையில் கொடுத்தான்.