ஆறிய தேநீரின் நிறம்

தேநீர் ஆறிவிட்டால் குடிக்க நன்றாக இராது. ஆனால் படம் எடுப்பதற்கு அதைவிடப் பொருத்தமான பானம் வேறில்லை. மது விளம்பரங்களில் நீங்கள் காணும் பொன்னிற விஸ்கி பெரும்பாலும் ஆறிய தேநீரே, ஐயா. பனிக்கட்டிகள் பிளாஸ்டிக்; விளக்குச் சூட்டில் அவை உருகுவதில்லை. கோப்பையின் மேல் அரும்பும் நீர்த்துளிகள் கிளிசரின். இவற்றை முறைப்படி அமைப்பதே கலை இயக்குநராகிய என் தொழில்.

புதிய விஸ்கி ஒன்றுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. வந்த நடிகர்கள் தேநீரை விழுங்கிவிட்டு இன்பமுற்றவர்போல் நடித்தார்கள். நிறுவன மேலாளர் படங்களைப் பார்த்து, "என்ன சார், இருமல் மருந்து குடிச்ச மாதிரி இருக்கே," என்றார். வார இறுதிக்குள் சரியான படம் வராவிட்டால் பணி கைமாறும் என்பதையும் தெரிவித்தார்.

அப்போது என் தங்கையின் கணவர் நினைவுக்கு வந்தார். குடியால் கல்லீரல் கெட்டு, மருத்துவமனையிலிருந்து மீண்டு, குடியை விட்டிருந்தவர். இனி ஒரு மிடறும் ஆகாது என்று மருத்துவர் எச்சரித்தபோது கட்டிலருகே நானும் நின்றேன். நோய் செதுக்கிய கன்னங்கள், ஆழ்ந்த கண்கள். அத்தகைய முகத்தை ஒப்பனையால் உண்டாக்க இயலாது.

தங்கை என்னைச் சமையலறை வாசலில் நிறுத்தினாள்.

"அண்ணா, கிளாஸ்ல டீதானே?"

"டீதாம்மா. நான் இருக்கேன்ல."

அவரோ, டீ குடிக்கக் காசு கொடுக்கிறார்கள் என்றால் தினமும் வருவேன் மச்சான் என்று சிரித்தார்.

முற்பகல் முழுவதும் தேநீர்தான். அதில் ஐயம் வேண்டாம். படங்களில் பிழை இல்லை, உயிரும் இல்லை. உணவு இடைவேளையில் அனைவரும் வெளியே சென்றபின் கோப்பையைக் கழுவித் துடைத்தேன். காட்சிக்காக மேசைமேல் வைத்திருந்த விஸ்கிப் புட்டியைத் திறந்து ஊற்றினேன். நிறம் வேறுபடவில்லை.

விளக்குகள் எரிந்தன. கோப்பை உதட்டருகே சென்றதும் அவர் கை நின்றது. வாசனை தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார்.

"மச்சான்," என்றார் மெதுவாக.

"அப்படியே இருங்க மாப்ளே. லைட் நல்லா விழுது."

அவர் கீழே வைத்திருக்கலாம். கையை யாரும் பிடிக்கவில்லை. குடித்தார். அச்சம், ஏக்கம், ஆறுதல் மூன்றும் ஒரே முகத்தில் கூடின. படம் கிடைத்துவிட்டது. பிறகு அவரே கோப்பையை நீட்டினார். மாற்றுப் படம் ஒன்று எடுத்துவைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். ஆதலால் மீண்டும் ஊற்றினேன்.

அன்று தொடங்கியவர் நிறுத்தவில்லை. விளம்பரப் பலகைகள் வீதிக்கு வருமுன் இரத்த வாந்தி எடுத்து இறந்தார். தங்கை என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவு நம்பிக் கூட்டிட்டுப் போனே, உன் பேரைக் கெடுத்துட்டாரே. மன்னிச்சிடுண்ணா," என்று அழுதாள். மன்னித்தேன்.

நினைவுக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று அன்றைய படங்கள் அனைத்தையும் அவளிடம் கொடுத்தவனும் நானே. அவள் அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்திருக்கிறாள். முற்பகலில் புட்டி கழுத்துவரை நிறைந்திருக்கிறது. பிற்பகலில் தோளுக்குக் கீழே தாழ்ந்திருக்கிறது. அதன் பின்னரே அவள் உங்களிடம் புகாருடன் வந்தாள்.

அறிந்தே ஊற்றினேன், ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் புட்டியில் குறைந்த அளவுக்குத் தேநீரை விட்டு நிரப்பியிருக்க வேண்டும். அந்தக் கவனம் எனக்கு இருந்திருந்தால் என் தங்கைக்கு இத்துயரம் நேர்ந்திராது. அதற்காக உண்மையாகவே வருந்துகிறேன்.