கைத்தட்டல் பொத்தானை அழுத்தியவன் பேசுகிறேன்

இந்த அவையின் கடிவாளத்தைக் கையில் வைத்திருக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே; எனக்கு முன்னால் அரை மணி நேரம் அழகு தமிழில் பேசி, என் வேலையை இரு மடங்கு கடினமாக்கிவிட்டு அமர்ந்திருக்கும் பெற்றோர் சங்கச் செயலாளர், பல் மருத்துவர் ஐயா அவர்களே; வாயைத் திறந்தால் வசனம் வரும் நாடக ஆசிரியை அவர்களே; விசிலை இன்றும் கழுத்திலிருந்து கழற்றாத விளையாட்டு ஆசிரியர் அவர்களே; வயதாலும் வாழ்வாலும் மூத்த பெரியோர்களே; வேலையைப் பக்கத்து மேசைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே; அந்தத் தாய்மார்கள் இழுத்து வந்ததால் வந்திருக்கும் தந்தைமார்களே; உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

பின்னால் கேட்கவில்லையா? கேட்கும் ஐயா. அந்த ஒலிபெருக்கியை மாட்டியவன் நான். நீங்கள்தான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டு நாற்காலி தள்ளி உட்காருங்கள். இப்போது கேட்கிறதா? நல்லது.

என்னை ஏன் மேடையேற்றினார்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளி மூடிக் கிடந்த காலத்திலிருந்து இந்த அரங்கின் கேமரா, மைக், நேரலை எல்லாம் என் கையில் இருக்கின்றன. செயலாளர் ஐயா கொண்டுவந்திருக்கும் தீர்மானம் உங்கள் கையில் இருக்கிறது: "இனி நாடகமும் விளையாட்டு விழாவும் பெற்றோருக்கு நேரலையில் மட்டும்." கேமராக்காரன் கேமராவுக்குத்தானே பேசுவான் என்று கணக்குப் போட்டு அழைத்திருக்கிறார்கள். நான் மின்னணுவியல் படித்தவன். கருவியைப் பற்றிக் கேட்டால் அதன் குறையையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அன்று கதவை மூடியது சரி. மூச்சே பகையாகிப்போன நாட்கள் அவை. பக்கத்தில் நின்றால் பயம், தொட்டால் பயம், தும்மினால் ஊரே திரும்பிப் பார்த்தது. இந்த அரங்கில் இன்று இருக்க வேண்டிய சிலர் இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே கதவை மூடியவர்கள் மீது எனக்குக் குறையில்லை. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். திறந்த பின்னும் ஏன் மூடி வைத்திருக்கிறோம்?

பேருந்தில் தொங்குகிறோம், பயமில்லை. கடைவீதியில் முட்டிமோதுகிறோம், பயமில்லை. திரையரங்கில் பக்கத்து நாற்காலிக்காரரின் இருமலோடு சேர்த்துப் படம் பார்க்கிறோம், பயமில்லை. பிள்ளையின் நாடகம் என்றதும் மட்டும் நோய் நினைவுக்கு வருகிறதே, அது நோயா, சோம்பலா? கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு அஞ்சுகிறவர்களை நான் சொல்லவில்லை. அவர்களுக்காகக் கேமரா ஓடும், நான் ஓட்டுவேன். மற்றவர்களைத்தான் சொல்கிறேன். யார் என்று உங்களுக்கே தெரியும்.

செயலாளர் ஐயா கேட்டார்: "வீட்டிலிருந்தே தெளிவாகப் பார்க்கும்போது நேரில் வந்து முன் வரிசைக்காரரின் தலையை ஏன் பார்க்க வேண்டும்?" கைதட்டினீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் ஐயா, பார்க்கிறார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று என் கருவி எழுதி வைக்கிறது. பெயர் எழுதாது, பயப்படாதீர்கள். சென்ற ஆண்டு நாடகம் ஐம்பது நிமிடம். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் இணைந்தன. ஒரு வீடு சராசரியாகப் பார்த்த நேரம் பதினொரு நிமிடம். தன் பிள்ளை வரும்போது வந்தார்கள், தன் பிள்ளை போனதும் போனார்கள். கடைசிக் காட்சியில் மிஞ்சியவை பத்தொன்பது இணைப்புகள். அதில் இரண்டு என்னுடைய சோதனைக் கருவிகள்.

சிரிக்கிறீர்கள். அந்தக் கடைசிக் காட்சியில் நடித்தவள் என் அக்கா மகள்.

ஒன்பது வயது. கலங்கரை விளக்கக் காவலாளி வேடம். கதை எளிது. புயலில் ஒரு கப்பல் திசை தெரியாமல் தவிக்கிறது. மேடையின் அந்த ஓரத்தில், அட்டையில் செய்த கப்பலில், மூன்று பிள்ளைகள் ஆடி ஆடி நிற்கிறார்கள். இந்த ஓரத்தில் காவலாளி. அவளுக்கு ஆறு வரி வசனம். நான்கு வரி புயலைப் பற்றி. அதன் பின் ஒரு மௌனம். மீதி இரண்டு வரியைச் சொல்லிக்கொண்டே விளக்கை ஏற்றுவாள். கப்பல் கரை சேரும், நாடகம் முடியும். அந்த மௌனம் நாடக ஆசிரியை வைத்தது. "மூணு மூச்சு எண்ணு, அவசரப்படாதே" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். எல்லோரிடமும் சொன்னார், என்னைத் தவிர.

என் தொழிலில் நான்கு விநாடி மௌனம் என்றால் பழுது. மைக் போய்விட்டது, இல்லையென்றால் பிள்ளை வசனத்தை மறந்துவிட்டாள். பழுதை மூட என்னிடம் ஒரு பொத்தான் இருந்தது. காலி அரங்கில் நடித்த காலத்தில், வெறிச்சென்று இருக்கக் கூடாது என்று நான் பதிவு செய்து வைத்த கைத்தட்டல். பன்னிரண்டு விநாடி. பிள்ளைகளையும் அதற்குப் பழக்கியிருந்தோம்: "கைத்தட்டல் கேட்டா வணக்கம் சொல்லிட்டு உள்ளே வந்துடணும்."

அழுத்தினேன்.

அவள் ஒரு நொடி நின்றாள். வணங்கினாள். உள்ளே போய்விட்டாள். விளக்கு எரியவில்லை. கப்பலில் இருந்த மூவரும் இருட்டில் கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் கப்பலைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

நாடகம் நடுக்கடலில் நின்றுவிட்டது. யாராவது கேட்டீர்களா? பத்தொன்பது இணைப்பில் ஒருவராவது "என்னப்பா, கப்பல் கரை சேரலையா?" என்று எழுதினீர்களா? இல்லை. பதினான்கு கட்டைவிரல்கள் வந்தன. இரண்டு பூங்கொத்துப் படங்கள் வந்தன. அன்றைக்கு நேரலை சிறப்பு என்று எனக்கே பாராட்டு வந்தது.

என் அக்கா ஒரு மருத்துவமனையில் செவிலியர். பணி நடுவே, ஓய்வறையில், கைப்பேசியைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்துக் கடைசி வரை பார்த்தவள். அந்தப் பதினேழு வீட்டில் அவளும் ஒருத்தி. வீட்டுக்கு வந்ததும் மகளைக் கட்டிக்கொண்டாள்.

"செம்மையா நடிச்சேடி. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"கப்பல் என்னாச்சும்மா?"

"எந்தக் கப்பல்?"

அக்கா பொய் சொல்லவில்லை. அவள் கப்பலைப் பார்க்கவே இல்லை. "தம்பி, என் பொண்ணு முகம் நல்லாத் தெரியற மாதிரி பிடிடா" என்று முந்தின நாள் என்னிடம் கேட்டிருந்தாள். தம்பியும் பிடித்தான். இரண்டாவது கேமராவை முகத்தில் மட்டும் இறுக்கி, அக்காவின் கைப்பேசிக்குத் தனியாக அனுப்பினான். அந்தக் கட்டத்துக்குள் மகள் இருந்தாள். புயல் இல்லை, கடல் இல்லை, கப்பல் இல்லை. மகள் யாருக்காக விளக்கேற்ற நின்றாள் என்பதே தாய்க்குத் தெரியாமல் போயிற்று. தெளிவாகத் தெரிந்தது ஐயா. தெளிவுக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு அக்கா மகள் என்னிடம் வந்தாள். நான் ஏதோ ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"மாமா, யாரு கை தட்டினாங்க?"

"நான்தான்."

"ஏன், நல்லா இல்லையா? போதும், போன்னு தட்டிட்டியா?"

"இல்லடி. நீ மறந்துட்டேன்னு நினைச்சேன்."

"நான் மறக்கலை. மூச்சு எண்ணிட்டிருந்தேன். ரெண்டு எண்ணிட்டேன்."

இந்த ஊரில் எத்தனையோ பழுதுகளைப் பார்த்துவிட்டேன். கருகிய மின்மாற்றியைப் பார்த்திருக்கிறேன், எலி கடித்த கேபிளைப் பார்த்திருக்கிறேன். எதற்கும் பதில் வைத்திருப்பேன். அன்றைக்கோ, சுற்றிய ஒயரையே மறுபடியும் பிரித்துச் சுற்றினேன்.

நீங்கள் கேட்கலாம்: "தம்பி, அது உன் தவறு. அதற்கு ஏன் எங்களை வரச் சொல்கிறாய்?" என் தவறுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த நாற்காலிகளில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தால் அந்த மௌனத்தை நான் பழுது என்று நினைத்திருப்பேனா? நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும் மௌனம் வேறு, யாருமே இல்லாத மௌனம் வேறு. முதலாவதைக் கருவி வைத்து அளக்க வேண்டாம், அது உட்கார்ந்திருப்பவர்களின் முதுகிலேயே தெரியும். அரங்கில் ஆள் இருந்தால் என் விரல் பொத்தானுக்குப் போயிருக்காது. போயிருந்தாலும் முன் வரிசையில் ஒரு அம்மா திரும்பி, "தம்பி, சும்மா இரு" என்று அதட்டியிருப்பார்.

இன்னொன்றும் கேட்பீர்கள், செயலாளர் ஐயா கேட்டே விட்டார். "வர முடியாத பெற்றோரின் பிள்ளைகள் ஏங்க மாட்டார்களா? எல்லோருக்கும் மூடினால் எல்லோரும் சமம்." கேட்க நியாயமாக இருக்கிறது. ஒரு வீட்டில் விளக்கில்லை என்பதற்காகத் தெரு விளக்கையும் அணைப்பதா சமம்?

பள்ளி திறந்த பிறகு நடந்த முதல் விளையாட்டு விழாவைச் சொல்கிறேன். வாசல் பூட்டியிருந்தது. நான் மைதானத்தின் நடுவில் கேமராவோடு நின்றேன். ஓட்டப்பந்தயம் நடக்கும்போது மதிலுக்கு வெளியே ஒரு தலை தெரிந்தது. பார்த்தால் ஒரு லாரி ஓட்டுநர். மதிலை ஒட்டி லாரியை நிறுத்திவிட்டு, அதன் கூரை மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகன் ஓடி முடித்து, மூன்றாவதாக வந்து, வகுப்புக்கே போய்விட்டான். அடுத்துப் பெண் பிள்ளைகளின் ஓட்டம் தொடங்கியும் மனிதர் இறங்கவில்லை. நம் விளையாட்டு ஆசிரியர் விசிலை ஊதிக்கொண்டு மதிலோரம் போனார்.

"இறங்குங்க. விழுந்து வைக்காதீங்க."

"இறங்கறேன் சார். அந்தக் கடைசியா வர்ற பொண்ணு வந்து சேர்ந்துடட்டும்."

"அது உங்க பொண்ணா?"

"இல்ல சார். ஆனா ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

அவர் பெயர் எனக்குத் தெரியாது. நாங்கள் லாரி அப்பா என்போம். அதோ, அந்த ஜன்னலோரம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். கூச்சப்படாதீர்கள் அண்ணே. அந்தக் கடைசிப் பெண் உங்களைப் பார்த்துக்கொண்டேதான் கோட்டைத் தாண்டினாள். அது என் பதிவில் இருக்கிறது. அன்றைக்கு எத்தனை வீடுகள் நேரலையில் இருந்தன என்றும் பதிவில் இருக்கிறது. வேண்டாம், சபையில் சொல்லவில்லை.

பெற்றோர் வர வேண்டுமா என்று இத்தனை நேரம் விவாதித்தோம். அதற்கு நான் ஒரு வார்த்தை சேர்க்கிறேன். வந்தால் கடைசி வரை இருங்கள். தன் பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு, நாற்காலியைக் கரகரவென்று இழுத்துவிட்டு எழுந்து போகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். உங்களுக்குக் கேமராவே பொருத்தம். அடுத்தவர் பிள்ளைக்கும் சேர்த்து வருகிறவர்கள் வாருங்கள். முதல் வசனத்துக்கும் வாருங்கள், மறந்த வசனத்துக்கும் வாருங்கள். முதலில் வருகிறவனுக்கும் கை தட்டுங்கள், முட்டி தேய விழுந்து எழுகிறவளுக்கும் கை தட்டுங்கள். ஒரு வீட்டு அப்பா வேலையில் இருந்தால் இன்னொரு வீட்டு அப்பாவின் குரல் மைதானத்தில் கேட்கட்டும். ஒரு வீட்டு அம்மா பணியில் இருந்தால் இன்னொரு வீட்டு அம்மாவின் கண் மேடையில் இருக்கட்டும். வர முடியாதவருக்கு என் கேமரா போதாது. வந்திருக்கிற நீங்களும் வேண்டும்.

தலைமையாசிரியை அம்மையார் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடிக்கிறேன் அம்மா. எனக்கும் நீட்டி முழக்குவது பிடிக்காது.

இந்த ஆண்டு நாடகம் பன்னிரண்டு நாளில். நாடக ஆசிரியையின் கையில் நடிகர் பட்டியல் இருக்கிறது. நாளைக் காலை ஒட்டுகிறார். அதில் ஒரு வரி மட்டும் இன்னும் காலி. என் அக்கா மகளிடம் மூன்று முறை கேட்டுவிட்டார். மூன்று முறையும் அவள் சொன்னது ஒரே பதில்: "ஆளுங்க வருவாங்கன்னா நடிக்கிறேன் மிஸ். கேமரா மட்டும்னா வேணாம்."

அக்காவுக்காக நான் வாதாடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு அக்காவுக்குப் பகல் பணி. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. நீங்கள் கதவைத் திறந்தாலும் அவள் வரப்போவதில்லை. நேற்று அதை மகளிடம் அவளே உடைத்துச் சொன்னாள். நானும் இருந்தேன்.

"கதவு திறந்தாலும் அம்மாவால வர முடியாதுடா. அப்பவும் நடிப்பியா?"

"நீ வரமாட்டேன்னு தெரியும்மா. நான் உன்னைக் கேட்கலை. யாராவது இருந்தாப் போதும்."

அந்த 'யாராவது' நீங்கள்தான், இந்த அவையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தீர்மானம் உங்கள் முன்னால் இருக்கிறது. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த அவைத் தலைவர் அம்மையாருக்கும், என்னைத் தவறான பக்கத்துக்கு அழைத்த செயலாளர் ஐயாவுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் மீண்டும் வணக்கம். நான் பேசப் பேச வாக்கெடுப்புதான் தள்ளிப்போகிறது. இறங்குகிறேன், கதவு திறக்கலாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்.