வீட்டிலேயே நல்ல பொருள்

“வீட்டுல உள்ளதிலயே நல்ல பொருளைக் குடு மக்கா. குடுத்தாத்தான் மனசு சந்தோசப்படும்,” என்றார் என் மாமியார் கிளாரா.

“நல்லதுன்னா எது மாமி? விலை கூடினதா, எனக்குப் பிடிச்சதா?”

“ஒனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி. நல்லதா ஒண்ணு பாத்துக் குடு.”

அவர் மனதில் இருந்தது ஒரு மட்டி வாழைப்பழக் குலை. எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குலையோ, சக்கைப்பழமோ, கோழியோ போகும். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள்.

குலசேகரத்தில் ரப்பர் பால் வாங்கும் இடத்தில் எனக்கு வேலை. வருகிற பாலில் எவ்வளவு தண்ணீர் என்று சோதித்துச் சொல்வேன். போன வருடம் டாக்டர் எனக்கு ஆட்டிசம் என்றும், கூடவே மனச்சோர்வு என்றும் எழுதினார். மாத்திரையை அவர் தந்தார். அறிவுரையை ஊரே தந்தது. எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆகவே எதையும் சோதிக்காமல் தள்ளவில்லை.

‘சிரித்துக்கொண்டே இரு’ என்றாள் நாத்தனார் ரெஜிலா. பதினோரு நாள் சிரித்தேன். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. அது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

‘உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்துப்பார்’ என்றார் பொன்னுலிங்கம் மாமா. எல்லாரிலும் அதிகம் கஷ்டப்படுகிறவர் யாரை நினைப்பார் என்று கேட்டேன். மாமா டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கடைசி ஆளை நினைத்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

என் கணவர் செல்வதாஸ் வாயால் மட்டும் சொல்கிறவர் அல்ல. வீடு கலகலப்பாக இருந்தால் மனச்சோர்வு ஓடிவிடும் என்று எங்கேயோ கேட்டிருந்தார். துபாயிலிருந்து கொண்டுவந்த இடுப்புயர ஸ்பீக்கரைக் கூடத்தில் வைத்து, நான் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே பாட்டுப் போடுவார். ஆடவும் செய்வார். அவ்வளவு பிரியம். அந்தச் சத்தம் எனக்குப் பற்களுக்குள் கேட்கும். எட்டு மாதம் குளியலறையில் போய் நின்றுவிட்டு, வெளியே வந்து ‘நல்லாருக்கு’ என்றேன்.

பண்டிகையன்று காலையில் அவர் ஏலத்துக்கு மேசை போட முன்னதாகவே போய்விட்டார். ஆட்டோக்காரரும் நானும் ஸ்பீக்கரை ஏற்றினோம். பீடத்துக்கு முன்னால், பூசணிக்காய்க்கும் கால் கட்டிய சேவலுக்கும் நடுவில் அதை வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது.

ஏலம் கூறியது என் கணவர்தான். சந்தேகப்படுவது அவர் குணத்தில் இல்லை.

“ஏலே, இதே மாதிரி ஒண்ணு எங்க வீட்லயும் உண்டு. பாட்டுப் போட்டா செத்தவனும் எழும்பி ஆடுவான். யாருக்கு வேணும்?”

தொண்டை கட்டக் கூவி, தன் ஸ்பீக்கரைத் தானே விற்றார். கருங்கல் ஊர்க்காரர் ஒருவர் தூக்கிக்கொண்டு போனார். நான் கைதட்டினேன்.

வீட்டுக்கு வந்த கணவர் கூடத்து மூலையில் தூசி படியாமல் இருந்த சதுரத்தை வெகுநேரம் பார்த்தார். மாமி முந்திக்கொண்டார்.

“அவளை ஏசாதலே மக்கா. நான் சொன்னதை அவ அப்படியே எடுத்துக்கிட்டா. பாவம், அவளுக்குச் சூது தெரியாது.”

கணவர் சிரித்துவிட்டார். “ஏட்டி, கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. போனா போகட்டும். அடுத்த வாரம் இதைவிடப் பெருசா ஒண்ணு வாங்கிரலாம்.”

எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால், மன்னிப்போடு பெரிய ஸ்பீக்கரும் கிடைத்துவிடும்.

“மாமி குலையைத்தான் சொன்னாங்க. அது எனக்கு அப்பவே தெரியும்,” என்றேன். “தெரிஞ்சுதான் இதைக் கொண்டு போனேன்.”

மாமி என்னை முதன்முறையாகக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

“பின்னே எதுக்கு ஏட்டி?” என்றார் கணவர். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

குளியலறையில் எட்டு மாதம் சொல்லிப் பழகிய வாக்கியம்தான்.

“நான் வேலை முடிஞ்சு வந்தா ஒரு அரை மணிக்கூர் பாட்டும் வேண்டாம், புத்திமதியும் வேண்டாம். ஒண்ணும் பேசாம என் பக்கத்துல இருப்பீங்களா?”