நாலு விரல்

காபியில் சர்க்கரை கூடிவிட்டது, சிஸ்டர், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கோப்பைக்குப் போடும் அளவையே உங்களுக்கும் போட்டுவிட்டேன். மக்காசார் நகரத்திலிருந்து இவ்வளவு தூரம் மலையேறி வந்து துக்கம் விசாரிக்க வேண்டும் என்று உங்களுக்கு ஒன்றும் தலையெழுத்து இல்லை. வந்ததும் வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டீர்கள்: "லூதியா, அம்மா கடைசிவரைக்கும் பெரிசா வலியில்லாமத்தானே இருந்தாங்க?" பதில் சொல்லாமல் நான் காபி போடப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன்.

அம்மாவுக்கு இந்த மலையில் பேசும் எங்கள் தொராஜா மொழி மட்டும்தான் தெரியும். உங்களுக்கு அது தெரியாது. ஆஸ்பத்திரியில் உங்கள் கேள்வியை அவளிடமும் அவள் பதிலை உங்களிடமும் கொண்டுபோக நடுவில் நான் ஒருத்திதான். வலி இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, மனசு சோர்ந்துபோகிறதா. கொஞ்சமும் இல்லை, கொஞ்சம், அதிகம், ரொம்ப அதிகம் என்று நாலே பதில். புற்றுநோய்க்காரர்களிடம் கட்டி எவ்வளவு என்று பார்த்தால் மட்டும் போதாது, அவர்கள் வாழ்வது எப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அம்மாவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதனால் ஆசையாகவே பதில் சொன்னாள்.

முதலில் நான் மாற்றியது சின்ன விஷயம். வலி 'ரொம்ப அதிகம்' என்றாள், 'கொஞ்சம்' என்றேன். உடம்பு தாங்கவில்லை என்று தெரிந்தால் புற்றுக்குப் போடும் ஊசியை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவீர்கள் என்பதைப் பக்கத்துப் படுக்கைக்காரியைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு வேண்டியதும் அதுதான்.

"ஏண்டி, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. போதும், என்னை வீட்டுக்கு அனுப்பிடச் சொல்லு. நம்ம மலையைப் பாத்துக்கிட்டே கண்ணை மூடறேன்" என்றாள்.

"இன்னும் எத்தனை ஊசி வேணும்னாலும் தாங்கறேங்கறாங்க" என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் அவள் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று அம்மா கேட்டதற்கு, ஊசி முடியாமல் அனுப்ப மாட்டார்களாம் என்றேன். அவள் உங்களைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினாள்.

அவள் ஏமாளி இல்லை. "நான் மூட்டை மூட்டையாச் சொல்றேன், நீ அவளுக்குச் சிட்டிகை சிட்டிகையாக் குடுக்கறே" என்றாள் ஒருநாள். அவங்க பாஷை சுருக்கம்மா என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது.

ஏன் என்று கேட்பீர்கள். அவளுக்குப் பிடிக்காத ஆளைக் கட்டிக்கொண்டு நான் மக்காசாருக்குப் போனதிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. அவர் செத்தபோதும் பேசவில்லை. நோய் வந்துதான் என் வீட்டுப் படியேறினாள். ஊட்டினால் வாய் திறந்தாள். தலை வாரினால் என்மேல் சாய்ந்துகொண்டாள். ஊருக்கு அனுப்பினால் இங்கே இருக்கும் என் தம்பிக்கு மட்டும் அம்மாவாகிவிடுவாள். எனக்கு மறுபடி அம்மா இல்லை. இதைப் பாசம் என்றுதான் நினைத்திருந்தேன், சிஸ்டர். கொஞ்ச வலிக்கு உண்டான மாத்திரையைத்தான் நீங்கள் கொடுத்தீர்கள். அவள் இடுப்பில் கட்டும் சாரோங் துணியின் நுனியைக் கடித்துக் கடித்து நூல்நூலாக்கியிருந்தாள். அதைத் துவைத்துக் காயப்போட்டவளும் நான்தான்.

கடைசித் தடவை உங்களுக்கு நினைவிருக்கும். நான் கேள்வியைச் சொல்லி முடிக்குமுன் அம்மா என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு உங்கள் முகத்துக்கு நேராக நாலு விரலைக் காட்டினாள். நாலாவது பதில். கேட்டுக் கேட்டு வரிசை அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது.

"தனக்கு நாலு பேரப்பிள்ளைங்கன்னு சொல்றாங்க, சிஸ்டர்."

நீங்கள் சந்தோஷமாகச் சிரித்து, உங்களுக்கு ரெண்டு பிள்ளைகள் என்று ரெண்டு விரலைக் காட்டினீர்கள். அம்மா அந்த ரெண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் வலி நாலு இல்லை, ரெண்டுதான் என்று நீங்கள் சொல்வதாக நினைத்திருப்பாள். கையை மடக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு எதற்கும் வாய் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். கடைசியில் அவளை இந்த மலைக்குக் கொண்டுவந்தபோது, அதைப் பார்க்க அவள் கண் திறக்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது. உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அடக்கத்துக்கான பெரிய சடங்கு நடக்கும்வரை இறந்தவரை நாங்கள் இறந்தவர் என்று சொல்வதில்லை. உடம்பு சரியில்லாதவர் என்போம். அம்மா உள்ளறையில்தான் படுத்திருக்கிறாள். சோறு வைக்கிறோம், காபி வைக்கிறோம், பேசுகிறோம். காலையில் எல்லோரும் வெளியே போனபிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கேள்விகளை ஒன்று விடாமல் கேட்கிறேன். வலி இருக்கிறதா அம்மா? கொஞ்சமும் இல்லை என்கிறாள். என்மேல் கோபம் இருக்கிறதா? கொஞ்சமும் இல்லை.

உள்ளே வாருங்கள், நீங்களே கேட்டுப் பாருங்கள். அவள் சொல்வதை நான் சொல்கிறேன். இந்தத் தடவை ஒரு வார்த்தைகூட மாற்ற மாட்டேன்.