லிங்க்கின் வால்

— அக்கா, குரூப்புல நீ போட்ட லிங்க்கை அழிச்சுடு. இப்பவே.

— எது, அம்மாவுக்குச் சக்கர நாற்காலி தேடினதா? ஏன்டா ரமிரோ, நாற்காலில என்ன குத்தம் கண்டே?

— லிங்க் அனுமார் வாலாட்டம் நீளுது. சோய்லா சித்தி வைரஸ்னு பயந்து தொடவே இல்ல.

— அப்ப சுருக்கு. ஞாயித்துக்கிழமை பன்னி வறுத்து விக்கறதுக்கு நோட்டீஸ் அடிக்கறவன் நீதானே, அதுலயும் போடு. நாற்காலிக்காகத்தான் விக்கறோம்னு அம்பாத்தோ ஊர் முழுக்கத் தெரியட்டும்.

— சுருக்கத்தான் உக்காந்தேன். வாலை வெட்டப் போனா, வால்ல வேற கதை இருக்கு.

— என்ன கதை?

— ஒண்ணு தேடிட்டு அதே பக்கத்துல இன்னொண்ணு தேடினா, முதல்ல தேடினதும் லிங்க்குக்குள்ள ஒட்டிக்கும். உனக்குத் தெரியாதுல்ல?

— இழுக்காம சொல்லுடா, அடுப்புல சூப் இருக்கு.

— படிக்கறேன், கேளு. 'குடும்பத்தார் கையெழுத்து இல்லாமல் சேர்த்துக்கொள்ளும் முதியோர் இல்லம்.'

— என்னது?

— நடிக்காத! என் கையெழுத்து இல்லாம அம்மாவைக் கொண்டுபோய்த் தள்ளப் பாக்கற. ஊரைக் கூட்டிப் பன்னி வறுக்கறது கண்துடைப்பு, அப்படித்தானே?

— ரமிரோ, வாயை அளந்து பேசு.

— எதுக்கு அளக்கணும்? நீ ரியோபாம்பால உக்காந்துக்கிட்டு போன்ல பாசம் காட்டுவ. அவளைத் தூக்கிக் குளிப்பாட்டறது நானும் என் பொண்டாட்டி மரியெலாவும்.

— மரியெலா முணுமுணுத்துக்கிட்டே குளிப்பாட்டறான்னு கேள்விப்பட்டேன்.

— யார் சொன்னா? அம்மாவா? சான்ஸே இல்ல. என் வீட்டுல அம்மா ராணி. இன்னிவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல.

— சொன்னதில்லதான்.

— அப்புறம்? இதை சித்தி மட்டும் படிச்சிருந்தா? மாமாங்க எல்லாரும் அந்த குரூப்புலதான் இருக்காங்க. பெத்தவளை விரட்ட உனக்கு எப்படி மனசு வந்தது?

— இரு, அடுப்பை அணைச்சுட்டு வரேன்.

— நழுவாத. பதில் சொல்லு.

— அந்த வரியை இன்னொரு தடவை படி.

— எதுக்கு? நீ தேடினது உனக்கே மறந்துபோச்சா?

— நான் எதையும் தேடல ரமிரோ. 'கண்ணு, இதுல எந்த நாற்காலி மலிவு, பாத்துச் சொல்லு'ன்னு நேத்து உன் வீட்டுக் கட்டில்ல படுத்துக்கிட்டே அம்மா எனக்கு அனுப்பின லிங்க் அது. நான் அப்படியே குரூப்புல போட்டேன்.