மேலே பிடிக்க ஒரு கை

— அதனாலதான் சொல்றேன் வெர்னா, அந்தச் சிங்கி இறால் செத்ததுலருந்து என்னால தனியா ஒரு போல்ட்டுகூடக் கழட்ட முடியல.

— கீழ போய்ப் படுத்ததும் ஆரம்பிச்சாச்சா, தர்லோ?

— பொய்யில்லம்மா. போல்ட்டுத் தலை உன் பக்கம், மேல்தளத்துல இருக்கு. நட்டு என் பக்கம், கேபின் கூரையில இருக்கு. மேல ஒருத்தர் திருப்புளியால பிடிச்சாத்தான் கீழ இருக்கறவன் சுத்தலாம். ரெண்டு ஆள் வேலை. நான் அந்த இறாலை வச்சு ஒத்தையாளாச் செஞ்சேன். வலது கொடுக்கு அரை அங்குல நட்டுக்குன்னே அளவெடுத்த மாதிரி. நான் மேல, அது கீழ. ஒரு நாள் லீவு கேட்டதில்ல.

— அப்புறம்?

— அப்புறம் என்ன. என் பொண்டாட்டிகிட்ட யாரும் விஷயத்தைச் சொல்லி வைக்கல. ஒரு ஞாயித்துக்கிழமை வெண்ணெயோட தட்டுல இருந்துச்சு.

— சாப்பிட்டீங்களாக்கும்.

— அழுதுகிட்டேதான். ரொட்டி தொட்டு.

— சுத்துங்க. பிடிச்சாச்சு.

— பிடி இரும்பாட்டம் இருக்கே. ஜனவரியில ஐஸ்ல வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு போச்சுன்னாங்களே?

— ஒட்டிக்கிச்சு. சுத்துங்க.

— இந்தா, ஒண்ணு வந்துருச்சு. ச்சே.

— என்ன?

— மூஞ்சியெல்லாம் தண்ணி. காப்பிக் கசடு மாதிரி கறுப்பா. இந்தப் படகு தார்ப்பாய்க்கு அடியிலதானே கிடந்துச்சு?

— அக்டோபர்லருந்து. கடலோரக் காவல்காரங்க இழுத்துட்டு வந்து விட்டாங்களே, அன்னைலருந்து.

— ம்.

— 'ம்'னா?

— ம்னா ம்தான். மேல ஒரு ஃபைபர் ஓடு, கீழ ஒரு ஃபைபர் ஓடு, நடுவுல பால்சா மரம். அதான் தளம். நடுவுல இருக்கிற மரம் ஊறிக் கிடக்கு. வயசான படகு. என்னைத் திறந்து பாத்தாலும் இப்படித்தான் சொட்டும்.

— தளத்தோரத்துல சாஞ்சு பிடிக்கற இந்தக் கம்பித்தூணும், பிடுங்கிட்டுப் போச்சே பக்கத்துத் தூண், அதுவும், ரெண்டும் போன வசந்தத்துல ஏல்டன் மாத்தினது.

— தெரியும்.

— என் மகன் போட்ட தூண் பிடுங்கிக்கிட்டுத்தான் என் புருஷன் மெரில் தண்ணில போனார். அது ஊருக்கே தெரியும். ஏன் பிடுங்கிச்சுன்னுதான் யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க. அதைக் கேக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

— தூண் மாத்தணும்னுதானே கூப்பிட்டே?

— அதுவும்தான். அவன் போட்டது சரியில்லையா, இல்ல படகு பழசுங்கறதாலயா?

— படகு பழசு. கட்டினவன் குடிகாரன். ராக்லண்டுல அவன் கட்டின இன்னொரு படகுக்கு அடியில ஒரு ஓட்டையை அடைக்கவே மறந்துட்டான். ஆனா முழுகல. ஏன்னா ஒரு காட் மீன் வந்து அதுல தலையை விட்டு...

— தர்லோ.

— ...மாட்டிக்கிட்டு, அப்படியே ஒரு சீசன் முழுக்க...

— தர்லோ. அடக்கத்தன்னைக்கு ஏல்டன்கிட்டயும் இந்தக் குடிகாரன் கதையைத்தான் சொன்னீங்க. பாதிரியார் ஆண்டவன் சித்தம்னார். கடலோரக் காவல் ஆளு பழியை அலை மேல போட்டார். எல்லாரும் வரிசையா அவன் தோளைத் தட்டிட்டுப் போய் கேக் சாப்பிட்டீங்க. அன்னைலருந்து அவன் பேசறதில்ல. அவன் இறால் பிடிக்கற கூடெல்லாம் வாசல்ல பனிக்கு அடியில கிடக்கு.

— மெரிலோட துப்பாக்கிய நீ உங்க அக்கா வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன்னு கடையில பேசிக்கிட்டாங்க.

— பேசுவாங்க. ஆமா, கொண்டு போயிட்டேன்.

— நல்ல காரியம்.

— இந்தக் குளிர்காலம் முழுக்க அவன் ஒரு தடவதான் வாயைத் திறந்தான். 'யாராவது ஒருத்தர் நிஜத்தைச் சொல்லித் தொலைங்கம்மா'ன்னான்.

— அதுக்கு ஊர்லயே பெரிய பொய்யனைத் தேடி வந்தியா?

— உங்க பொய் எனக்கு அடையாளம் தெரியும். மத்தவங்களோடது தெரியாது. சிங்கி இறால் இல்லாமச் சொல்லுங்க.

— இரு. அடுத்த நட்டையும் எடுத்துக்கறேன். பிடி.

— பிடிச்சிருக்கு.

— சரி. ஊறின மரத்தைச் சுரண்டி எடுக்கணும். காய விடணும். குழியில பிசின் ஊத்தி, அது கல்லானப்புறம்தான் போல்ட்டுக்குத் துளை போடணும். இவன் ஊறின மரத்துலயே துளைச்சிருக்கான். அடியில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு வேணும், பாரத்தைப் பரத்தி வாங்கிக்க. இங்க சட்டைப் பொத்தான் மாதிரி வாஷர்தான் இருக்கு. பக்கத்துத் தூணுலயும் அதேதான். அங்க ஓடு கிழிஞ்ச இடத்துல வாஷரோட வட்டம்கூடத் தெரியுது.

— மெரில்தான் அவசரப்படுத்தினார். வசந்தம் வந்தா துறையில முதல்ல பாய் விரிக்கற படகு அவரோடதா இருக்கணும்.

— மெரில் வருஷா வருஷம் குதிப்பான். 'காயட்டும்ப்பா'ன்னு இவன் சொல்லியிருக்கணும். சொல்லல. தூணோட விளிம்பைச் சுத்தி வெள்ளைப் பசையைப் பூசி மூடிட்டான். உள்ள இருந்த தண்ணிய உள்ளயே வச்சு மூடியாச்சு. அதுவும் எவ்வளவு அழகாப் பூசியிருக்கான் தெரியுமா, கல்யாணக் கேக்கு மாதிரி. அதான் கொடுமை. அசிங்கமாப் பூசியிருந்தா மெரில் அதுல சாஞ்சிருக்க மாட்டான்.

— சாஞ்சார்.

— மகன் போட்டதுன்னு முழு ஒடம்பையும் போட்டுச் சாஞ்சிருக்கான்.

— அப்ப ஏல்டனோட தப்புதான்.

— ஏல்டனோட தப்பு. கடலும் இல்ல, ஆண்டவனும் இல்ல, குடிகாரனும் இல்ல. அவசரத்துல ஒரு ஆம்பள செஞ்ச தப்பு. இந்தத் துறையில அதைச் செய்யாதவன் ஒருத்தன் இல்ல. மத்தவங்க தூணுல யாரும் சாயல, அவ்வளவுதான் வித்தியாசம்.

— இதை அவன்கிட்ட சொல்வீங்களா?

— மாட்டேன். வந்து கேட்டான்னா காட் மீன் கதையை முடிச்சு வைப்பேன். அவன் மூஞ்சியைப் பாத்து இதைச் சொல்ற தைரியம் எனக்கில்லம்மா. உங்கிட்ட சொல்ல முடிஞ்சுதுன்னா, நடுவுல ஒரு தளம் இருக்கறதாலதான். உன் மூஞ்சி எனக்குத் தெரியல.

— அதுக்குத்தான் உங்களைக் கீழ படுக்க வச்சேன்.

— என்னது?

— என் மணிக்கட்டு இன்னும் ஒட்டல, தர்லோ.

— அப்ப இவ்வளவு நேரமா மேல திருப்புளிய...

— நான்தான். ஏல்டன் பேசறேன். பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். சுத்துங்க.