ஆறு மணி விலைக்குக் கீழே வந்த படம்

ஊரில் ‘ஆறு மணி’ என்று அழைக்கப்படும் முட்டை மொத்த வியாபாரி, வயது ஐம்பத்து மூன்று, சந்தைக்குப் பின்புறம் கடை, மாடியில் வீடு, தானாகக் காவல் நிலையத்துக்கு வந்து கூறியது:

பிரசவ வார்டு செவிலியர் பேசியதை வெட்டி எடுத்த காணொளிப் படத்தை என் வாடிக்கையாளர் குழுவில் போட்டது நான்தான். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை.

நான் சைக்கிளில் நாலு தட்டு முட்டை வைத்து விற்கத் தொடங்கியவன். இப்போது என் கைப்பேசிக் குழுவில் எண்ணூறு பேர் இருக்கிறார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு அன்றைய விலையை என் குரலில் சொல்லி அனுப்புவேன். கடைக்காரர்கள் அதை அப்படியே தங்கள் ஆட்களுக்குத் தள்ளிவிடுவார்கள். கூட எது வந்தாலும் அதுவும் சேர்ந்து போகும்.

தேர்தலுக்கு இருபது நாள் முன்பு ஒரு வேட்பாளரின் விளம்பர ஆள் கடைக்கு வந்தார். “அண்ணே, நாங்க போட்டா பிரச்சாரம்னு தள்ளிடுவாங்க. உங்க விலைக்குக் கீழ போட்டா நம்புவாங்க” என்றார். தேர்தல் முடியும்வரை அவர்கள் சமையலுக்கு முட்டை என்னிடமே எடுப்பதாகவும் சொன்னார். ஆசைப்பட்டேன். பதினேழு நொடிப் படம், பிரசவ வார்டை மூடலாம் என்று அந்தச் செவிலியரே சொல்வதுபோல் இருந்தது. முதல் இரண்டு நொடி பார்த்தேன், மறுநாள் காலை விலைக்குக் கீழே போட்டுவிட்டேன்.

அதன்பின் மூன்றாம் நாள் பிரசவ வார்டு வாசலில் கூட்டம் கூடிக் கத்தியது. செவிலியரை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தினார்கள். அதைக் கேட்டு என் மனைவி, “ஒவ்வொரு முட்டையையும் விளக்குல காட்டிப் பாக்குற மனுஷன், இதை மட்டும் பாக்காமலா அனுப்பினீங்க?” என்றாள். எங்கள் பேத்தி அந்தச் செவிலியர் கையில்தான் பிறந்தாள்.

படம் போட்ட ஒன்பதாம் நாள் அந்தச் செவிலியரே கடைக்கு வந்தார். வழக்கமாக வாங்கும் இரண்டு தட்டு முட்டைக்காக என்று நினைத்தேன். கைப்பேசியைத் தராசுப் பக்கத்தில் வைத்து, ஒரு கூட்டத்தில் தான் பேசிய நாலு நிமிடப் பேச்சு முழுவதையும் ஓடவிட்டார். வார்டை மூடலாம் என்று அவர் சொல்லவில்லை, மூடச் சொன்ன அந்த வேட்பாளர் தரப்பின் பேச்சை எடுத்துச் சொல்லி, மூட விடமாட்டேன் என்று முடித்திருக்கிறார். நடுவில் உள்ளதை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

“அழிச்சிடறேன்மா” என்றேன்.

“அழிச்சா, அது பொய்னு யாருக்குண்ணே தெரியும்? எங்க அம்மாவே நம்பிட்டாங்க. ஏன்மானு கேட்டா, ஆறு மணி பொய் சொல்லமாட்டாரேங்கறாங்க.”

நாளை மறுநாள் அவருக்கு விசாரணை. வேலை போனால் திரும்பக் கிடைக்காது. இந்த வாக்குமூலம் அங்கே போய்ச் சேர வேண்டும் என்றுதான் வந்தேன். என் மேல் வழக்கு வரும் என்பதும் தெரியும்.

மேலே எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன், எனக்கும் அந்தச் செவிலியருக்கும் பேசி முடிவானதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்: படம் ஒன்பது நாள் குழுவில் கிடந்ததால் அதே குழுவில் ஒன்பது நாள், காலை ஆறு மணிக்கு முதலில் அவர் பேச்சு முழுவதும், அடுத்து நான் செய்தது என் குரலில், அதற்குப் பிறகுதான் முட்டை விலை. இரண்டு தட்டு இனாமாகத் தருகிறேன் என்றதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைய விலைக்கே வாங்குவார்.